பொட்டு வைக்காத இடம்

புஸ்பத்தின் வாசலில் குந்தியிருந்து இராசாத்தி இறால் உரிக்கிறாள். யாரும் அவளை உதவிக்குக் கூப்பிடவில்லை. வந்தாள், குந்தினாள், சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, முதுகுக் கறுப்பை நகத்தால் இழுத்தெறியும் வேலை இரண்டு பெண்களின் கைகளிலும் ஒரே தாளத்தில் ஓடுகிறது. கடலோடு கலக்கும் களப்பிலிருந்து வரும் காற்றில் உப்பும் சேற்று மணமும் கலந்திருக்கின்றன. புஸ்பம் தன் பாட்டில் ஏதோ கதைத்துக்கொண்டிருக்கிறார். மழை வருமுன் நண்டு எந்தப் பக்கம் நகரும் என்பதில் தொடங்கிய பேச்சு, கலியாணமான புதிதில் கணவனோடு கோபித்துக்கொண்டு தோணியை அவிழ்த்துத் தனியே போனதில் வந்து நிற்கிறது. இராசாத்தி இடையில் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "ம்" என்கிறாள். இன்னொரு இறாலை எடுக்கிறாள்.

சட்டைக்கு மேல் அவள் போட்டிருக்கும் கணவனின் பழைய சேட்டின் பையில், ஒரு கைப்பேசி தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வந்தவுடனேயே அதைத் தட்டிக் காட்டிச் சொல்லிவிட்டாள்: "போன் முழிச்சிருக்கு கா." பதிவு ஓடுகிறது என்பதற்கு அவளுடைய சொல் அது. வேண்டாம் என்றால் "படுக்கப் போடு" என்று சொன்னால் போதும். ஊரில் எல்லோருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். சிலர் பாதிக் கதையில் "இத மட்டும் படுக்கப் போட்டுட்டுக் கேளு" என்பார்கள். அவள் படுக்கப் போட்டுவிட்டுக் கேட்பாள்.

சட்டி நிறைந்ததும் கைகழுவி, பதிவை ஓடவிட்டுக் கைப்பேசியைப் புஸ்பத்தின் காதோடு வைத்துப் பிடித்தாள். புஸ்பம் முகத்தைச் சுருக்கினார்.

"இது ஆரு கதைக்கிற?"

"நீங்கதான்."

"போடி. எங்கட பெரியம்மா கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

"உங்கட பெரியம்மாவும் உங்கட தொண்டைக்குள்ளதான் இருக்கா. பயப்படாதீங்க."

கிழக்கிலங்கையில் பனிச்சங்கேணிக்கு அருகே களப்பின் ஓரமாக இருக்கும் ஒரு சிறு குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் இராசாத்தி. கரையோர வேடர் என்று ஆய்வாளர்கள் எழுதும் மக்களில் ஒருத்தி. அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டால் சிரிப்பாள். "காட்டுக்குப் போனா வேடர், ஆத்துக்குப் போனா மீன்காரர், கையெழுத்துப் போடக் கந்தோருக்குப் போனா தமிழர். சோறு தின்னக்குள்ள எல்லாரும் ஒண்டுதான்." வயது முப்பத்தைந்து. மெலிந்த உடம்பு. உள்ளங்கை மட்டும் ஆண்களுடையதைப் போல அகலம். கணவன் கல்குடாப் பக்கத்தில் கடல் தொழில் செய்கிறான்; வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. இவள் அத்தாங்கு வலை போட்டு இறால் பிடிப்பாள், அலையைத் தாங்கும் கண்டல் மர நாற்றுகளைப் பைகளில் வளர்ப்பாள், பல்கலைக்கழகத்துக்குக் கதை சேர்ப்பாள். மூன்றுமே ஒரே சேற்றில் நின்று செய்கிற வேலை என்பது அவள் எண்ணம்.

கதை சேர்க்கும் வேலையைக் கொண்டுவந்தவர் கெரன். போர்த்துக்கேயர் வழிவந்த, மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் குடும்பத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் சூழலியல் படிப்பிக்கிறார். களப்பின் ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு கண்டல் திட்டுக்கும் இந்த மக்களிடம் ஒரு கதையோ பாட்டோ விலக்கோ இருக்கிறது என்பதை வருடக்கணக்காகக் கவனித்தவர். அவற்றை அந்த மக்களே பதிவுசெய்து, இணையத்தில் ஒரு வரைபடத்தின் மேல் அந்தந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். வரைபடத்தைத் திறந்து ஒரு புள்ளியைத் தொட்டால் அந்த இடத்தின் குரல் கேட்கும். மரங்களின் படம் வரும். தண்ணீரின் உப்பு எந்த மாதத்தில் எவ்வளவு என்பதும் வரும்.

அந்தப் புள்ளிகளுக்கு இராசாத்தி வைத்த பெயர் பொட்டு. "அந்த மூலைக்கு இன்னும் பொட்டு வைக்கல்ல மிஸ், மூளியாக் கிடக்கு" என்று கெரனுக்கு முதன்முதலில் சொன்னவள் அவள்தான். இப்போது பல்கலைக்கழகத்து மாணவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவளுடைய இன்னொரு பழக்கம் கனவு. காலையில் தேத்தண்ணி வாயில் படுமுன், முதலில் எதிர்ப்படுபவரிடம் இரவு கண்ட கனவைச் சொல்லிவிட வேண்டும். "சொல்லாமக் குடிச்சா வயித்துக்க ஊறிரும்." எதிர்ப்படுவது கோழியாக இருந்தாலும் சரிதான். இந்த வரைபடத்தைப் பற்றி எழுத வெளியூரிலிருந்து நான் அவள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில் அந்த முதல் ஆள் நானானேன். களப்புத் தண்ணீர் பாயைப் போலச் சுருட்டப்பட்டுச் சுவரோரம் சாத்தியிருந்ததாம். கீழே தரையில் மீன்கள் வரிசையாக உட்கார்ந்து, யார் மறுபடி விரிப்பார்கள் என்று பார்த்திருந்தனவாம். சொல்லி முடித்ததும் முகம் கழுவியவளைப் போலத் தெளிந்துபோய்த் தேத்தண்ணியை எடுத்தாள். கெரன் இந்தக் கனவுகளையும் விடவில்லை. வரைபடத்தில் கனவுகளுக்கு நீலப் பொட்டு. "தண்ணியோட வாழுற ஆக்கள் தண்ணிய எப்பிடிக் கனாக் காணுறாங்க எண்டதும் தண்ணியப் பத்தின தகவல்தானே" என்று கெரன் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ஆனால் ஒரு கனவுக்கு இராசாத்தி பொட்டு வைத்ததில்லை. சின்ன வயதிலிருந்து வருவது அது. களப்பின் இந்தக் கரையில் அவள் நடக்கிறாள். அந்தக் கரையில் கண்டல் மரங்களுக்கிடையே இன்னொருவர், அவள் உயரம்தான், அவள் வேகத்திலேயே நடக்கிறார். அவள் நின்றால் அவரும் நிற்கிறார். முகம் தெரிவதில்லை. இந்தக் கனவை அவள் தாய் ஆச்சிப்பிள்ளையிடம் சொன்ன போதெல்லாம், தாய் கேட்டு முடிக்காமல் எழுந்து போய்விடுவார். விறகு பார்க்க வேண்டும் என்பார், ஆடு கத்துகிறது என்பார். ஆடே இல்லாத காலத்திலும் அப்படிச் சொல்லியிருக்கிறார். தாய்க்குப் பிடிக்காத கனவு என்று விட்டுவிட்டாள்.

ஆச்சிப்பிள்ளை மகளின் கைப்பேசிக்குக் கிட்ட வருவதில்லை. ஊர் முழுக்கக் கதை சொன்னது, அவர் சொல்லவில்லை. "என்னட்ட ஒண்டுமில்ல மனே. ஆக்கின, தின்ன, படுத்த. இதென்ன கதை?" கணவர் சுனாமியில் போனபின் அதிகம் பேசாதவர். இராசாத்தி வற்புறுத்தியதும் இல்லை. யாரையுமே அவள் வற்புறுத்துவதில்லை.

போன வருடம் திட்டத்தில் ஒரு புதிய வேலை சேர்ந்தது. கண்டல் காட்டுக்குள் மரத்தாலான நடைபாதை ஒன்று. சேற்றில் கம்பம் நட்டு, மேலே பலகை அடித்து, நடந்து போகிறவர்கள் அங்கங்கே நின்று கைப்பேசியில் அந்தந்த இடத்தின் கதையைக் கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், வெளியூர்க்காரர் வருவார்கள். காட்ட ஒரு நடைபாதையும் கேட்க ஊர்க்காரரின் குரலும் இருந்தால், அந்தக் கண்டலை வெட்டி இறால் பண்ணை போட நினைப்பவர் இரண்டு தரம் யோசிப்பார் என்பது கெரனின் கணக்கு. ஊருக்கு அது பிடித்திருந்தது. எல்லாரிலும் அதிகமாகப் பிடித்திருந்தது உதயரூபனுக்கு. அவன் இராசாத்தியின் சின்னம்மா மகன், முப்பது வயது. மீன் தோணியைத் துப்புரவாக்கி, நீலம் பூசி, வெயிலுக்குக் கூரையும் போட்டுவிட்டான். வருகிறவர்களை நடைபாதை வரை தண்ணீரில் ஏற்றிப் போகும் வேலை அவனுடையது என்று பேச்சு.

ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த படங்களில் ஒரு திட்டு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. மரங்கள் உயரம். உள்ளே வட்டமாக ஒரு வெளி. மேலிருந்து பார்த்தால் பச்சை நிறத்தில் ஒரு கண் திறந்திருப்பது போல இருந்ததாம். இராசாத்தி அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்படியில் இருந்த தாய்க்குச் சும்மா காட்டினாள்.

கைப்பேசியைத் தொடாத ஆச்சிப்பிள்ளை அன்று அதைக் கையில் வாங்கினார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பறவை பார்க்கிற மாதிரி அந்த இடத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் எந்த இடம் என்று கேட்கவில்லை.

"இதுக்குள்ள கம்பு நடப்படாது எண்டு சொல்லு."

"ஏன் அம்மா?"

"சொல்லு எண்டாச் சொல்லு."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அதை இறக்கவில்லை.

அடுத்த நாள் இராசாத்தி பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். "அந்த இடம் வேணாம் மிஸ்." கெரன் ஆச்சரியப்பட்டார். அந்த இடத்துக்காகத் திணைக்களத்தில் அனுமதி கேட்டாயிற்று. மாணவர்கள் அளந்தும் ஆயிற்று. ஆனாலும் மெதுவாகத்தான் கேட்டார்.

"தெய்வம் இருக்கிற இடமா, இராசாத்தி?"

அந்தக் கேள்வியில் ஒரு வாசல் திறந்துதான் கிடந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கெரன் மறுகேள்வி கேட்டிருக்க மாட்டார், ஊரும் அடங்கிப் போயிருக்கும். தெய்வத்தின் பெயரால் விலக்கிவைத்த திட்டுகள் களப்பில் இருக்கத்தான் செய்கின்றன. இராசாத்தி அந்த வாசலால் போகவில்லை.

"தெய்வமெண்டு சொன்னா லேசு மிஸ். ஆனா எனக்குத் தெரியா. அம்மா வேணாமெண்டு சொல்லுறா. ஏனெண்டு சொல்லுறா இல்ல."

கெரன் யன்னல் பக்கம் திரும்பி யோசித்தார். "அப்ப வேற இடம் பாப்பம்" என்றார். அப்படிச் சொன்னதால் தனக்கு வந்த தலையிடிகளைப் பற்றி அவர் அதிகம் பேச விரும்பவில்லை. புதிதாக அளக்க வேண்டியிருந்தது, புதிதாக அனுமதி கேட்க வேண்டியிருந்தது. மேலிடத்தில் காரணம் கேட்டபோது 'சமூகம் விரும்பவில்லை' என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தாராம்.

சமூகம் விரும்பவில்லையா? ஊர்க் கூட்டத்தில் உதயரூபன் எழுந்து அதைத்தான் கேட்டான். மீன்பிடிச் சங்கக் கட்டடத்தில் பின்னேரக் கூட்டம். ஆண்கள் வாங்குப் பலகையில், பெண்கள் படியில். இராசாத்தி கதவோரமாக நின்றாள்.

"அக்கா, ஆரு வேணாமெண்ட? நான் சொல்லல்ல. இஞ்ச இருக்கிற ஒரு ஆளும் சொல்லல்ல."

"அம்மா சொன்ன."

"பெரியம்மா ஏன் சொன்ன?"

"தெரியா."

"தெரியாம எப்பிடி நிப்பாட்டுவாய்?" அவன் குரல் உயர்ந்தது. "ஊரெல்லாம் போய்க் குந்திக் கதை கேட்டாய். எல்லாற்ற வீட்டுக் கதையையும் மேல ஏத்தினாய். என்ட அப்பா வெறியில தோணிய விட்டுட்டு வந்த கதையையும் ஏத்தினாய், நாங்க ஒண்டும் சொல்லல்ல. உன்ட வீட்டுக் கதைக்கு மட்டும் பூட்டுப் போடுறியா?"

கட்டடத்தில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அவன் சொன்னதில் பொய் இல்லை. இராசாத்தி வீட்டுக்கு வந்து, கணவனின் சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவினாள்.

அதன்பின் அவள் யாருடைய வாசலிலும் போய்க் குந்தவில்லை. இறால் பிடித்தாள், நாற்றுப் பைகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊர் முதல் சில நாள் கோபமாக இருந்தது; பிறகு வெறிச்சோடியது. கதை கேட்க ஆள் வராத வீடுகளில் பெண்கள் கையில் இறாலோடு வாசல் படலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாகப் புஸ்பம் சொன்னார். "அவள் வராட்டி எனக்கு ஞாபகமே வருதில்ல. அவள் வந்து குந்தினாத்தானே வாய் திறக்கும்." இராசாத்திக்குக் கனவும் நின்றுபோயிற்று. அல்லது வந்தும் யாரிடமும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்தாளோ தெரியாது. கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினாள். அது ஓமா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆச்சிப்பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் தணிந்த ஒரு நாள், ஆணியில் கிடந்த சேட்டைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு, வெளியே வந்து சொன்னார்: "வா. தோணிய எடு."

தாய் முன்னால், மகள் பின்னால் கம்பு ஊன்ற, இருவரும் போனார்கள். களப்பு அன்று எண்ணெய் ஊற்றினாற்போல அசையாமல் கிடந்ததாம். கொக்குகள் தண்ணீரில் தலைகீழாகவும் நின்றன. எங்கே என்று ஆச்சிப்பிள்ளை சொல்லவில்லை. கையை மட்டும் இடமும் வலமும் அசைத்தார்; தோணி அந்தக் கையின் பின்னாலேயே போயிற்று. கண்டல் வேர்களுக்கிடையே ஒடுங்கிய நீர்வழியில் நுழைந்தபோது வெளிச்சம் பச்சையாயிற்று. சத்தமும் மாறியது. தங்கள் மூச்சைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை என்றாள் இராசாத்தி. உள்ளே அந்த வட்ட வெளி. தண்ணீர் ஏறாத மேட்டில் ஆச்சிப்பிள்ளை இறங்கி, நிலத்தில் உட்கார்ந்தார்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் ஊர் கலைந்து ஓடியபோது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. வெடிச்சத்தத்துக்குப் பயந்து சில குடும்பங்கள் தோணிகளில் கண்டலுக்குள் புகுந்தன. அங்கேதான் அவருக்கு வலி கண்டது. இராசாத்தி கண்டலுக்குள் பிறந்தவள் என்பது ஊரறிந்த கதை. அவளே அதைப் பெருமையாகச் சொல்வாள். அவளுக்குப் பிறகு அதே வலியில் இன்னொரு பிள்ளை வந்தது என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது. மற்றவர்கள் தோணிகளில் தள்ளி இருந்தார்கள்; பிள்ளை பார்த்த கிழவிக்கும் கணவனுக்கும் மட்டும் தெரியும். இருவரும் இப்போது இல்லை.

"பொடியன். உன்னப்போலதான் இருந்தான். அவன் அழவேயில்ல. நீதான் அழுதாய். நீ அழக்குள்ள எல்லாரும் பயந்தாங்க, சத்தம் வெளிய போயிரும் எண்டு. அவன் அழாததுக்கு நான் மட்டும்தான் பயந்தன்."

தகப்பன் தன் இடுப்புச் சாரனைக் கிழித்துச் சுற்றி, மேட்டில் குழி தோண்டி வைத்தார். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல நேரம் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு ஓட்டம், முகாம், திரும்பி வந்து வீடு கட்டுதல், மறுபடி ஓட்டம். ஊருக்கு வந்து நிலைத்தபோது அது சொல்ல முடியாத வயதை எட்டிவிட்டது. சொன்னால் என்ன பெயர் சொல்லிச் சொல்வது? பெயர் வைக்கவில்லையே. வருடா வருடம் மட்டி பொறுக்கப் போகிறேன் என்று அவர் தனியே தோணி எடுத்துப் போவதை இராசாத்தி சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அந்த நாட்களில் வீட்டில் மட்டிக் கறி இருந்ததேயில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீ அந்தக் கனாவச் சொல்லக்குள்ள எனக்கு ஏலாமப் போயிரும் மனே. அதான் ஒழும்பிப் போறது."

இராசாத்தி என்ன செய்தாள் என்று கேட்டேன். "என்ன செய்யிற? படுத்தன்" என்றாள். அந்த மேட்டில், சருகின் மேல், தாயின் பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்திருந்தாளாம். கண்ணை மூடவில்லையாம். மேலே கிளைகளுக்கிடையே வானம் ஒரு சின்ன வட்டமாகத் தெரிந்ததாம். ட்ரோன் எடுத்த படத்தில் கண்ணாகத் தெரிந்தது உள்ளேயிருந்து பார்த்தாலும் கண்ணாகத்தான் இருந்தது என்றாள்.

திரும்பும் வழியில் ஆச்சிப்பிள்ளை தன் முடிவைச் சொன்னார். "கதையச் சொல்லு. இடத்தச் சொல்லாத."

கரைக்கு வந்ததும் அவர் நேரே உதயரூபனின் வளவுக்குப் போனார். அவன் தோணிக் கூரைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். பெரியம்மா நின்றபடியே சொல்லி முடித்தார். அவன் சுத்தியலைக் கீழே வைக்கவும் மறந்து கேட்டிருந்ததாக அவன் மனைவி கஜானி சொன்னாள். அன்று பின்னேரம் இராசாத்தியின் முற்றத்துக்கு வந்தான். அவள் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் குந்தி, வலையின் மறுநுனியை இழுத்துப் பிடித்தான். இருட்டுகிற வரைக்கும் அதை விடவில்லை. பிறகு கேட்டான்.

"அவன் இருந்தா எனக்கு அண்ணனா?"

"ஓம்."

"ம்."

போகும்போது, "பாலத்துக்கு அங்கால ஒரு திட்டு இருக்கு. சேறு கூட, நுளம்பும் கூட. எண்டாலும் கம்பம் நிக்கும். மிஸ்ஸுக்குக் காட்டுவம்" என்று சொல்லிவிட்டுப் போனான். நடைபாதை இப்போது அங்கேதான் இருக்கிறது. மரங்கள் உயரமில்லை. பச்சைக் கண்ணும் இல்லை. கடிக்க நுளம்பு உண்டு. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. பலகையில் குப்புறப் படுத்து, இடுக்கு வழியே நண்டு பார்க்கிறார்கள். உதயரூபனின் நீலத் தோணி அவர்களைக் கொண்டுவந்து விடுகிறது.

ஆச்சிப்பிள்ளை கைப்பேசிக்கு முன்னால் உட்கார்ந்தார். மகளைத் தவிர யாரும் கூட இருக்கவில்லை. கதை வந்தபின்தான் சிக்கல் வந்தது. வரைபடத்தின் கணினி வேலையைப் பார்க்கும் வினோஜன் நகரத்தில் இருக்கிறான். அவன் செய்த வரைபடத்தில் இடம் கொடுக்காமல் கதை ஏற்ற முடியாது. அகலக்கோடு, நெடுங்கோடு என்று ஏதாவது எண் கேட்கும். அவன் சும்மா இரண்டு பூச்சியங்களைப் போட்டுப் பார்த்தான். பொட்டு எங்கே போயிற்று என்று தேடினால், ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில் நடுக்கடலில் கிடந்தது. கெரனுக்கு அந்தரமாகிவிட்டது, இராசாத்தி மனம் நோவாள் என்று பயந்தார். இராசாத்தி படத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்து, சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது.

"பாருங்க மிஸ், என்ட தம்பி கப்பலேறிப் போயிட்டான்."

பிறகு வினோஜன் யோசித்து வேறொன்று செய்தான். இப்போது அந்த வரைபடத்தைத் திறந்து, எதையும் தொடாமல், முழுக் களப்பும் தெரியும்படி விட்டுவிட்டுச் சும்மா பார்த்திருக்க வேண்டும். பொட்டு எதையும் தேடாமல், விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தால் ஆச்சிப்பிள்ளையின் குரல் வரும். எங்கிருந்து என்று தெரியாது. தண்ணீர் முழுவதிலிருந்தும் வருவது போல இருக்கும். அவசரக்காரருக்கு அது கேட்பதில்லை. கேட்டவர்கள் எத்தனை பேர் என்று வினோஜனுக்குத் தெரியுமாம். சொல்ல வேண்டாம் என்றாள் இராசாத்தி.

இந்த வருடம் முன்னோரை அழைக்கும் சடங்குக்கு நானும் போயிருந்தேன். அந்திப் பொழுது, பந்தலில் பூவும் மடைப் படையலும் நிறைந்திருந்தன. சடங்கு நடத்தும் கட்டாடியார் அருமைநாயகம் இறந்துபோனவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார். அந்தக் குடும்பத்தார் முன்னால் வந்து நிற்பார்கள். பெயரில்லாத பிள்ளையை எப்படி அழைப்பது என்று ஆச்சிப்பிள்ளை முன்னதாகவே போய்க் கேட்டிருந்தார். புதிதாக ஒரு பெயர் வைக்கலாமா என்றும் கேட்டாராம். கட்டாடியார் வேண்டாம் என்றார். "அவனுக்குத் தெரியாத பேரச் சொல்லிக் கூப்பிட்டா எப்பிடித் திரும்பிப் பாப்பான்? அவன் ஆரோட வந்த? அவள்ட பேர் அவனுக்குத் தெரியும்."

பறையின் வேகம் தணிந்தபோது அவர் குரல் எழுந்தது: "இராசாத்தியோட வந்தவனே..."

இராசாத்தி முன்னால் போனாள். தாய் அவள் பின்னால் நின்றார். உதயரூபன் யாரும் கூப்பிடாமலே எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றான். ஆச்சிப்பிள்ளை அழவில்லை, மகளின் முதுகில் உள்ளங்கையை வைத்து, அந்த அழைப்பு முடியும்வரை எடுக்காமல் வைத்திருந்தார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று ஆச்சிப்பிள்ளையிடம் நான் கேட்டேன். "எழுதுங்க. இடத்தக் கேக்காதீங்க" என்றார்.

நான் கேட்கவில்லை. ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நான் ஊர் திரும்பிய நாளில் இராசாத்திதான் என்னைத் தோணியில் பாலத்தடிக்குக் கொண்டுவந்து விட்டாள். பின்னேர வெயில் தண்ணீரில் மஞ்சளாகக் கரைந்துகொண்டிருந்தது. இரு பக்கமும் கண்டல் திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விலகின. ஒவ்வொன்றையும் நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் கம்பை ஊன்றித் தோணியை நிறுத்தினாள்.

"கொஞ்சம் கண்ண மூடுங்க."

மூடினேன். தோணி எந்தப் பக்கமோ மெல்லத் திரும்பியது. எவ்வளவு தூரம் போனோம் என்று தெரியவில்லை. முகத்தில் வெயில் விழுந்தது, பிறகு நிழல் விழுந்தது, பிறகு மறுபடி வெயில். ஒரு இடத்தில் தோணி நின்றது. அவள் குனிவது தெரிந்தது. தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீருக்குள் ஒரு கை இறங்கும் சத்தம். அவ்வளவு மெதுவாக ஒரு கை தண்ணீருக்குள் இறங்கி நான் கேட்டதில்லை. அது வெளியே வரும்வரை நானும் மூச்சை அடக்கியிருந்தேன்.

"சரி. இப்ப திறக்கலாம்."

திறந்தேன். நாலு பக்கமும் விரிந்த தண்ணீர். எல்லாத் திட்டுகளும் தூரத்தில் ஒரே மாதிரி நின்றன. இராசாத்தி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கை வரை நனைந்திருந்த வலது கையைச் சட்டை விளிம்பில் துடைத்துக்கொண்டிருந்தாள்.